உறைவதா, கரைவதா? உங்கள் ரத்தக் குழாய் எடுக்கும் முடிவு!

காலை ஆறு மணி. வீட்டுப் பெரியவருக்கு அறுபத்திரண்டு வயது. எழுந்து, பல் தேய்த்து, பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரிக்கிறார். மனைவி கொண்டுவந்து கொடுத்த காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுகிறது. ஏதோ சொல்ல வருகிறார். வார்த்தை குழறுகிறது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது போல இருக்கிறது.

"ராத்திரி சரியாத் தூங்கலை, அதான். பித்தமா இருக்கும். கொஞ்சம் படுத்துக்குங்க. பத்து மணிக்கு நம்ம டாக்டர் வந்துடுவார், கூட்டிட்டுப் போறேன்..."

எத்தனையோ வீடுகளில் கேட்கிற வார்த்தைகள்தான் இவை. அக்கறையோடு சொன்னவைதான். ஆனால் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே இருக்கிற அந்த நாலு மணி நேரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அவருடைய மூளை ரத்தக் குழாய் ஒன்றில் என்ன நடக்கிறது? அதைப் புரிந்துகொள்ள ரத்தக் குழாயின் உள்பக்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். வாருங்கள்.

வெறும் குழாய் இல்லை!

ரத்தக் குழாய் என்றதும் நம் மனதில் வருவது தண்ணீர் பைப்தான். உள்ளே ரத்தம் ஓடுகிறது, அழுக்கு சேர்ந்தால் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதானே? டாக்டர்களே ரொம்ப காலம் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

குழாயின் உள்சுவரில் ஒரே ஒரு அடுக்காக, தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி, செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த அடுக்குக்கு 'எண்டோதீலியம்' என்று பெயர். நாம் இங்கே 'உள்சுவர்' என்றே சொல்லிக்கொள்வோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி முதல் விரல் நுனியில் இருக்கும் தலைமுடியைவிட மெல்லிய குழாய் வரை, எல்லாவற்றிலும் இந்த உள்சுவர் உண்டு.

இதன் பெருமை வெளியே தெரிந்தது ஒரு சின்னத் தவறால்தான். அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் ரத்தக் குழாய்த் துண்டுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு மருந்தை விட்டால் சில துண்டுகள் தளர்ந்தன. சில தளரவே இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? துருவிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. துண்டுகளைத் தயார் செய்யும்போது சிலவற்றின் உள்பக்கம் உரசப்பட்டு, அந்த ஒற்றை அடுக்குச் செல்கள் உதிர்ந்துபோயிருந்தன. உள்சுவர் இருந்த குழாய் தளர்ந்தது. இல்லாத குழாய் தளரவில்லை. அப்படியானால் உள்சுவர்தான் குழாய்க்கு ஏதோ தகவல் அனுப்புகிறது!

1980-இல் இதை அவர் வெளியிட்டார். அந்தத் தகவலைக் கொண்டுபோவது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-இல் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோருடன் சேர்ந்து ஃபர்ச்காட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உரசினால் உதிர்ந்துவிடுகிற ஒரு அடுக்கு, உடம்பின் பெரிய கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

கத்தரிக்காய் நறுக்கும்போது...

சமையலறையில் கத்தரிக்காய் நறுக்குகிறீர்கள். விரலில் கத்தி பட்டுவிட்டது. ரத்தம் வருகிறது. விரலை அழுத்திப் பிடிக்கிறீர்கள். சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. இது எப்படி?

முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்து, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதம் 'த்ராம்பின்' என்ற என்சைமால் நூல் நூலாக மாறுகிறது. பால் உறைந்து தயிராவது போல, திரவம் கெட்டியாகிறது. இந்த நூலுக்கு 'ஃபைப்ரின்' என்று பெயர். மீன் வலை மாதிரி பின்னிக்கொண்டு ஓட்டையை அடைக்கிறது.

ரொம்ப சரி. ஆனால் ஒரு கேள்வி. அந்த வலை அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறதா? இல்லை. காயம் ஆறியதும் வலை காணாமல் போகிறது. யார் பிரித்தது?

இன்னொரு கேள்வி. விரலில் உறைந்த ரத்தம், அப்படியே தொடர்ந்து கை முழுக்க, உடம்பு முழுக்க ஏன் உறையவில்லை? ஒரு கரண்டி மோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்கிவிடுமே!

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். உள்சுவர்!

கத்தரியும் எலிப்பொறியும்

காயம் இல்லாத இடத்தில் உள்சுவர் 'இங்கே உறையக் கூடாது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. த்ராம்பின் வழி தவறி அந்தப் பக்கம் வந்தால், உள்சுவரில் நிற்கும் 'த்ராம்போமாடுலின்' என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்டதும் த்ராம்பினின் குணமே மாறிவிடுகிறது. உறைய வைத்துக்கொண்டிருந்த அதுவே, உறைதலை நிறுத்துகிற 'புரதம் சி'யை எழுப்பிவிடுகிறது. திருடனைப் பிடித்து காவல்காரனாக வேலைக்கு வைத்துக்கொள்கிற சாமர்த்தியம்!

அடுத்து, வலையைப் பிரிக்கும் வேலை. இதற்கான கத்தரியின் பெயர் 'பிளாஸ்மின்'. இது எப்போதும் திறந்த நிலையில் ரத்தத்தில் சுற்றினால் ஆபத்து. கண்டதையும் வெட்டிப் போட்டுவிடும். அதனால் மூடிய கத்தரியாக, 'பிளாஸ்மினோஜன்' என்ற உருவத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் திறந்துவிடுகிற கை ஒன்று வேண்டும். அந்தக் கைதான் 'டி.பி.ஏ.' என்ற புரதம். உள்சுவர்ச் செல்கள் இதைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுத் தயாராக வைத்திருக்கின்றன. அருகில் ரத்தம் உறைய ஆரம்பித்தால் பையைத் திறந்து வெளியே விடுகின்றன.

இதில் ஒரு அழகு பாருங்கள். டி.பி.ஏ. வெறும் ரத்தத்தில் மிதக்கும்போது சோம்பேறி. ஃபைப்ரின் வலை மேல் உட்கார்ந்ததும் அதன் வேகம் பல நூறு மடங்கு கூடிவிடுகிறது. எங்கே வலை இருக்கிறதோ அங்கே மட்டும்தான் கத்தரி திறக்கும்.

இருந்தாலும் உடம்பு இதோடு விடவில்லை. காயம் ஆறும் முன்பே வலையைப் பிரித்துவிட்டால் மறுபடி ரத்தம் கொட்டுமே! அதற்காக இன்னொரு புரதம். பெயர் 'பி.ஏ.ஐ.-1'. இது ஒரு எலிப்பொறி. டி.பி.ஏ. வந்து கடித்ததும் டப்பென்று மூடிக்கொள்ளும். எலியும் வெளியே வராது, பொறியும் மறுபடி உதவாது. ஒரு பொறிக்கு ஒரு எலி. அவ்வளவு துல்லியமான கணக்கு.

ஆக, உங்கள் ரத்தக் குழாயில் ஒவ்வொரு நிமிடமும் ஒரு தராசு ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு தட்டில் டி.பி.ஏ.; மறு தட்டில் பி.ஏ.ஐ.-1. எது கனக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கட்டி கரைவதும் நிற்பதும்.

தட்டில் எடை போடுவது யார்?

இங்கேதான் 'தகவல் புரதங்கள்' வருகின்றன. உடம்பின் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு எழுதும் தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சுவர்ச் செல்லின் வெளியே இந்தத் தபால்களை வாங்கிக்கொள்ளும் பெட்டிகள் இருக்கின்றன. எந்தத் தபால் விழுகிறதோ அதற்கேற்ப அது நடந்துகொள்ளும்.

ஒரு நல்ல தபால், 'வி.ஈ.ஜி.எஃப்.' என்ற வளர்ச்சிப் புரதம். புதுக் குழாய் முளைக்கச் சொல்வது இதுதான். இருக்கிற உள்சுவரைப் பராமரிக்கவும், நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கவும் உதவுவதும் இதுதான். கட்டியைக் கரைக்கும் புரதங்களையும், கூடவே பொறியையும் சேர்த்தே தயாரிக்கச் சொல்லும். இது எவ்வளவு அவசியம் என்பது புற்றுநோய் சிகிச்சையில் தெரிந்தது. புற்றுக்கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்க இந்தத் தபாலை மறிக்கும் 'பெவாசிசுமாப்' என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து பலருக்கு உதவியது. ஆனால் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. சிலருக்கு ரத்தக்கட்டி, சிலருக்கு ரத்தக்கசிவு. தபால் நின்றதும் உள்சுவர் தடுமாறியது என்று அர்த்தம்.

இன்னொரு வகை, அவசரத் தந்தி. உடம்பில் கிருமி புகுந்தால் வெள்ளை அணுக்கள் 'டி.என்.எஃப்.', 'இன்டர்லூக்கின்-1' போன்ற புரதங்களை அனுப்புகின்றன. 'எதிரி வந்துவிட்டான், கதவை அடை' என்று செய்தி. உடனே உள்சுவர் தலைகீழாக மாறுகிறது. த்ராம்போமாடுலினைக் குறைக்கிறது. உறைய வைக்கும் பொருள்களை வெளியே நீட்டுகிறது. பி.ஏ.ஐ.-1 பொறிகளைக் கொத்துக் கொத்தாக இறக்குகிறது. கிருமியை ஒரு இடத்தில் சிறை வைக்க இது நல்ல உத்தி. ஆனால் எல்லை மீறினால், உடம்பெங்கும் சின்னச் சின்னக் கட்டிகள்.

இதை நாம் எல்லோரும் நேரிலேயே பார்த்தோம். 2020, 2021-இல் கொரோனா வந்தபோது 'டி-டைமர் எவ்வளவு?' என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த டி-டைமர் வேறொன்றும் இல்லை. பிளாஸ்மின் கத்தரி ஃபைப்ரின் வலையை வெட்டும்போது விழும் துணுக்கு. அது அதிகம் என்றால் உள்ளே எங்கோ நிறைய வலை பின்னப்பட்டு, வெட்டவும் படுகிறது என்று பொருள். அந்த வைரஸ் நுரையீரலை மட்டும் தாக்கவில்லை, உள்சுவரையும் கோபப்படுத்தியது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டார்கள்.

பாதி இருந்தால் போதுமா?

அப்படியானால் இந்த பி.ஏ.ஐ.-1 பொல்லாததா? முழுக்க இல்லாமல் போனால் நல்லதா? இதற்கு ஒரு கிராமமே பதில் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெர்ன் என்ற ஊர். அங்கே ஆமிஷ் என்ற சமூகத்தார் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு, கார் வாங்காமல் பழைய முறையில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அடிபட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் அளவுக்கு மீறி ரத்தம் போயிற்று. ஆராய்ந்தால், அவள் உடம்பில் பி.ஏ.ஐ.-1 அறவே இல்லை! அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்திருந்தது. 1992-இல் இது மருத்துவ இதழில் வெளியானது. வலை பின்னப்பட்டது, ஆனால் காயம் ஆறும் முன்பே கரைந்துபோயிற்று.

கதை இதோடு முடியவில்லை. அதே சமூகத்தில் 177 பேரைப் பரிசோதித்த முடிவு 2017-இல் வந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர்களுக்கு பி.ஏ.ஐ.-1 பாதி அளவு இருந்தது. அவர்களுக்கு ரத்தப்போக்குத் தொல்லை இல்லை. சர்க்கரை நோயும் குறைவு. மற்றவர்களைவிட சுமார் 10 ஆண்டு கூடுதலாகவும் வாழ்ந்திருந்தார்கள்!

இல்லவே இல்லை என்றால் ரத்தப்போக்கு. அளவோடு இருந்தால் ஆயுள் கூடுகிறது. அதிகமானால்? அதுதான் நம் வீட்டுக் கவலை.

உங்கள் தொப்பையும் ஒரு தபால் ஆபீஸ்

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கவில்லை. அது பி.ஏ.ஐ.-1 தயாரிக்கிறது, டி.என்.எஃப். போன்ற தந்திகளையும் அனுப்புகிறது. சர்க்கரை கட்டுப்படாதவர்கள், ட்ரைகிளிசரைடு கொழுப்பு கூடியவர்கள் ஆகியோரிடமும் இந்தப் பொறிகள் அதிகம். "எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல் சார்" என்று தொப்பையைத் தடவிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிகரெட்? அது உள்சுவர் டி.பி.ஏ. விடும் திறனையே மங்க வைக்கிறது. கத்தரி இருக்கிறது, திறக்க ஆள் வரவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. எடை குறைந்தால் பி.ஏ.ஐ.-1 இறங்குகிறது. தினமும் வேகமாக நடப்பவர்களின் உள்சுவர் டி.பி.ஏ.-யைத் தாராளமாக விடுகிறது. ரத்தம் சீராக ஓடும்போது அந்த ஓட்டத்தின் உரசலே உள்சுவருக்கு ஒரு நல்ல தபால். மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் அந்தத் தபால் வராது. நீண்ட பஸ், விமானப் பயணத்தில் நடுவே எழுந்து நாலு அடி நடக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விஷயம். பி.ஏ.ஐ.-1 நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். தராசு உறையும் பக்கம் சாய்ந்திருக்கும் நேரம் அது. கூடவே, தூங்கி எழுந்ததும் ரத்த அழுத்தமும் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் காலை நேரத்தில் அதிகம் வருவதற்கு இவையும் காரணம். பி.பி. மாத்திரையை 'இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன' என்று விடாதீர்கள்.

ஊசியில் வந்த டி.பி.ஏ.

இப்போது நம் பெரியவரிடம் திரும்புவோம். மூளை ரத்தக் குழாயில் கட்டி அடைத்துவிட்டது. அவருடைய சொந்த டி.பி.ஏ. போதவில்லை. வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?

1933-இல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க டாக்டர், ஒரு வகைப் பாக்டீரியாவிலிருந்து வரும் பொருள் ரத்தக்கட்டியைக் கரைப்பதைக் கண்டார். அதுதான் பிற்பாடு மாரடைப்புக்கு உயிர் காத்த 'ஸ்ட்ரெப்டோகைனேஸ்'. 1980-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் டெசிரே காலன் குழுவினர் மனித டி.பி.ஏ.-யையே பிரித்தெடுத்தார்கள். மரபணுத் தொழில்நுட்பத்தால் அது மருந்தாகி, அமெரிக்காவில் 1987-இல் மாரடைப்புக்கும் 1996-இல் பக்கவாதத்துக்கும் அனுமதி பெற்றது.

1995-இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்த 3 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போட்டவர்களில், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகச் சிறிய ஊனத்தோடோ இருந்தவர்கள், போடாதவர்களைவிட 30 சதவீதமாவது அதிகம். ஆனால் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தக்கசிவும் ஏற்பட்டது. ஊசி போடாதவர்களில் இது 0.6 சதவீதம்தான். கத்தரி எதிரி வலையை மட்டும் வெட்டும் என்று உத்தரவாதம் இல்லை. நேரம் போகப் போக, ரத்தம் கிடைக்காத உள்சுவர் நைந்துபோகிறது. அப்போது கட்டியைக் கரைத்தால் குழாய் கசியும். அதனால்தான் கெடு. 2008-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு இந்தக் கெடு 4½ மணி நேரம் ஆனது.

கெடு 4½ மணி என்பதற்காக ஆற அமரப் போகலாம் என்று அர்த்தமில்லை. பெரிய குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆறு மணிக்கு டம்ளர் விழுந்தது. பத்து மணிக்கு டாக்டர். அவர் பார்த்துவிட்டு "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பார். போய்ச் சேர, ஸ்கேன் எடுக்க... பத்தரை மணிக்குக் கெடு முடிந்துவிடுகிறது. புரிகிறதா, அந்த நாலு மணி நேரத்தின் விலை?

வீட்டில் ஒட்டி வைக்க...

● முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கோணுகிறதா?
● கை: இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று தானாக இறங்குகிறதா?
● பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா?
● இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.
● கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.
● காபி, சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். புரையேறிவிடும்.
● சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே தீர வேண்டும். அது எச்சரிக்கை மணி.

நீங்கள் கேட்கலாம்...

"ஆஸ்பிரின் கொடுத்தால் கட்டி கரைந்துவிடாதா?"

கரையாது. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைத்தான் குறைக்கும், வலையை வெட்டாது. மேலும், பக்கவாதம் அடைப்பால் வந்ததா, ரத்தக்கசிவால் வந்ததா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேட்டையே செய்யும். பக்கவாத அறிகுறி கண்டால் வீட்டில் கொடுக்காதீர்கள்.

"பூண்டு ரத்தக்கட்டியைக் கரைக்கும் என்கிறார்களே?"

ரசத்திலும் குழம்பிலும் தாராளமாகப் போடுங்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

"4½ மணி நேரம் தாண்டிவிட்டால் கை விட்டுவிட வேண்டியதுதானா?"

இல்லை. பெரிய குழாயில் அடைப்பு என்றால், மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை இருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பலன் உண்டு என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எனவே தாமதமாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றை அடுக்கு, இதைப் படிக்கிற இந்த நிமிடமும் உங்களுக்காகத் தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தினம் அரைமணி நடையும், அளவான சாப்பாடும், சிகரெட் இல்லாத மூச்சும் நீங்கள் அதற்குப் போடும் நல்ல தபால்கள். என்றாவது ஒரு நாள் அது தோற்றுப்போய் டம்ளர் நழுவினால், "பத்து மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்!